‘உலகிலேயே பலசாலி’ ஆகத் துடித்தவன் ஏன் மண்வெட்டியைப் பிடித்தான்? சாமுராய் மங்கா சொல்லும் பலத்தின் கதை

பதினேழு வயதுப் பையன் ஒருவன் போர்க்களத்தில் பிணங்களுக்கு நடுவே கண் விழிக்கிறான். அவன் சேர்ந்த படை தோற்றுவிட்டது. பக்கத்தில் ஊர்க்கார நண்பன் ஒருவனைத் தவிர உயிரோடு யாரும் இல்லை. அந்த நிலையிலும் அவன் மனதில் ஓடுவது ஒரே ஆசைதான்: இந்த உலகத்தில் என்னைவிடப் பெரிய ஆள் யாரும் இருக்கக் கூடாது.

‘வேகபாண்ட்’ என்ற ஜப்பானிய மங்கா தொடரின் தொடக்கம் இது. மங்கா என்பது ஜப்பானிய சித்திரக்கதை. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1998-ல் தொடங்கிய இந்தத் தொடர் 37 தொகுதிகளாக வந்திருக்கிறது. உலகம் முழுக்க 8 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சாகியிருப்பதாகச் சொல்லப்படுகிறது.

வாள் சண்டைக் கதை என்றால் நமக்கு ஒரு கணக்கு இருக்கும். நாயகன் ஒருவனை ஜெயிப்பான். அடுத்து அவனைவிடப் பெரிய ஒருவன் வருவான். நாயகன் பயிற்சி எடுத்து அவனையும் ஜெயிப்பான். கடைசியில் இவன்தான் நம்பர் ஒன். சாமுராய் மங்காக்களில் சிறந்தவை இந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கின்றன. ஆனால் பாதி வழியிலேயே கணக்கைக் கலைத்துப் போட்டுவிட்டு, ‘பலம் என்றால் என்ன?’ என்று கேட்க ஆரம்பித்துவிடுகின்றன. அவை அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் தேடுகின்றன என்பதை ‘வேகபாண்ட்’ வழியாகப் பார்க்கலாம். (கதையின் முக்கியத் திருப்பங்கள் கட்டுரையில் வருகின்றன.)

நிஜ முசாஷி யார்?

கதையின் நாயகன் மியாமோட்டோ முசாஷி கற்பனைப் பாத்திரம் அல்ல. 1584 வாக்கில் பிறந்து 1645-ல் இறந்த ஜப்பானிய வாள்வீரர். வாழ்வின் கடைசிக் காலத்தில், இன்றைய குமாமோட்டோ நகரத்துக்கு அருகிலுள்ள ரெய்கண்டோ என்ற குகையில் தங்கி, ‘கோரின் நோ ஷோ’ என்ற நூலை எழுதினார். ‘ஐந்து வளையங்களின் நூல்’ என்று பொருள். மண், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என ஐந்து சுருள்கள் கொண்டது அது.

பதின்மூன்று வயதில் முதல் சண்டை. முப்பது வயதுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட மோதல்கள். ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்று அந்த நூலின் முன்னுரையில் அவரே சொல்கிறார். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு அடுத்து அவர் சொல்வது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முப்பதைத் தாண்டிய பிறகு பழைய வெற்றிகளைத் திரும்பிப் பார்த்தாராம். கலையின் உச்சத்தைத் தொட்டதால் ஜெயித்ததாக அவருக்குத் தோன்றவில்லை. இயல்பான திறமையோ, விதியோ, எதிரிகளின் குறையோதான் காரணமாக இருந்திருக்கலாம் என்று எழுதுகிறார். அதற்குப் பிறகு இன்னும் ஆழமான ஒன்றைத் தேடி, ஐம்பது வயது வாக்கில்தான் அதை எட்டியதாகச் சொல்கிறார்.

அறுபது பேரை ஜெயித்த ஒருவரே, ‘அதை வைத்து என்னைப் பலசாலி என்று சொல்லிவிட முடியாது’ என்கிறார். ‘வேகபாண்ட்’ கதையின் விதை இந்த முன்னுரைக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லலாம்.

நாவலில் இருந்து மங்காவுக்கு

முசாஷியை ஜப்பானின் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர் நாவலாசிரியர் எய்ஜி யோஷிகாவா. 1935 முதல் 1939 வரை ‘அசாஹி’ நாளிதழில் அவர் எழுதிய ‘முசாஷி’ தொடர்கதை பெரும் வரவேற்பைப் பெற்றது. முரட்டு இளைஞன் ஒருவன் வாளையே தவமாக்கிக்கொண்டு பண்பட்ட மனிதனாக மாறுவதுதான் அந்த நாவல்.

அந்த நாவலை அடிப்படையாக வைத்து மங்கா வரைய வந்தவர் டகேஹிகோ இனோவே. அதற்கு முன்பே ‘ஸ்லாம் டங்க்’ என்ற கூடைப்பந்து மங்கா மூலம் நட்சத்திர ஓவியராகியிருந்தார். ‘வேகபாண்ட்’ தொடருக்கு 2000-ல் கோடான்ஷா மங்கா விருதும், 2002-ல் டெசுகா ஒசாமு கலாசார விருதின் முதல் பரிசும் கிடைத்தன.

நாவலை அப்படியே படமாக வரைவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. பல இடங்களில் கதையையே மாற்றினார். முசாஷியின் பெயர்பெற்ற எதிரியான சசாகி கோஜிரோவை நாவல் திமிர் பிடித்த வாள்வீரனாகக் காட்டும். இனோவேயின் கோஜிரோவோ காது கேளாதவன். பேச்சும் இல்லை. வெற்றி, பெயர், புகழ் போன்ற சொற்கள் எதுவும் அவன் காதுக்கு எட்டவே எட்டாது. குழந்தை விளையாட்டுச் சாமானைப் பிடித்துக்கொள்வதைப் போல அவன் வாளைப் பிடித்துக்கொள்கிறான். அந்தக் கோஜிரோவுக்காக நாயகனை ஓரமாக வைத்துவிட்டு, பல தொகுதிகளை இனோவே ஒதுக்கியிருக்கிறார்.

கோஜிரோவுக்கு வாள் சந்தோஷம் தருகிறது. முசாஷிக்கு அது பசி. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கதை நகர்கிறது.

முதல் பாடம்: மரத்தில் தொங்கவிட்ட துறவி

கதை தொடங்கும்போது அவன் பெயர் முசாஷி அல்ல, டகெசோ. 1600-ல் நடந்த செகிகஹாரா போரில் தோற்றுத் திரும்பியவனை ஊரே துரத்துகிறது. எதிரில் வருபவர்களை அடித்து நொறுக்குகிறான். ஊரார் கண்ணுக்கு அவன் ஆளில்லை, மிருகம்.

ஆயுதமேந்திய ஆட்களால் பிடிக்க முடியாத அவனைப் பிடித்தவர் டக்குவான் என்ற ஜென் துறவி. பிடித்ததும் ஒரு பெரிய தேவதாரு மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார். கொல்வதானால் கொன்றுவிடு என்று டகெசோ கத்துகிறான். நாள்கள் போகப் போக, சாவதற்குத் தனக்கு விருப்பமில்லை என்பது அவனுக்கே தெரியவருகிறது. அவனுக்குப் புதுப் பெயரும் புது வாழ்வும் தந்து அனுப்பி வைப்பவர் அந்தத் துறவிதான்.

டக்குவானும் வரலாற்றில் வாழ்ந்தவர்தான். ஆனால் அவரும் முசாஷியும் சந்தித்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை. யோஷிகாவாவின் நாவல்தான் இருவரையும் சேர்த்துவைத்தது. நிஜ டக்குவான், ஷோகனின் வாள் ஆசிரியராக இருந்த யாக்யூ முனெனோரிக்கு வாள்வித்தையையும் மனதையும் பற்றி எழுதியிருக்கிறார். மனம் ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொண்டால் கையும் அங்கேயே நின்றுவிடும் என்பது அதன் சாரம். எதிரியின் வாளில் ஒட்டினாலும் சரி, ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில் ஒட்டினாலும் சரி, விளைவு ஒன்றுதான்.

‘நான்தான் பலசாலி’ என்ற எண்ணத்தில் மனம் ஒட்டிப்போன ஒருவனை எடுத்துக்கொண்டு, அந்தப் பசையை 37 தொகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுக்கிறார் இனோவே.

இரண்டாம் பாடம்: ஓடிப்போன நாயகன்

நாரா நகரில் ஹோசோயின் என்ற கோயில். அங்கிருக்கும் துறவிகள் ஈட்டி வித்தையில் பேர் போனவர்கள். அவர்களில் இன்ஷுன் என்ற இளைஞனிடம் முசாஷி மோதுகிறான். சண்டை நடுவில் சாவு பயம் பிடித்துக்கொள்ள, திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுகிறான்.

கதாநாயகன் பயந்து ஓடுவதை இத்தனை பக்கங்களுக்கு வரைந்து காட்டும் சண்டைக் கதைகள் குறைவு. அதுவரை ‘எனக்கு பயமே இல்லை’ என்று காட்டிக்கொண்ட கெத்து எல்லாம் அந்த ஓட்டத்தில் உதிர்ந்துவிடுகிறது. அப்புறம் மலைக்குள் போய் தன் பயத்தோடு தனியாக உட்காருகிறான். கோயிலின் மூத்த குரு இன்யெய் அவனுக்கு வழிகாட்டுகிறார்.

எதிரியின் மாணவனல்லாத ஒருவனுக்கு, அதுவும் தன் சீடனையே கொல்ல வந்தவனுக்கு, ஒரு குரு ஏன் உதவ வேண்டும்? காரணம் இருக்கிறது. இன்ஷுன் அசாத்தியத் திறமைசாலி. உயிர் போய்விடும் என்ற நிலைக்கு யாரும் அவனைத் தள்ளியதே இல்லை. தோல்வி என்றால் என்னவென்று தெரியாத பலம் பாதி பலம்தான் என்று குரு நினைக்கிறார். இரண்டாவது சண்டையில் முசாஷி ஜெயிக்கிறான், இன்ஷுன் பிழைக்கிறான். அதற்குப் பிறகு இருவருக்குள்ளும் பகை இல்லை. ஒருவனுக்குப் பயம் ஆசானாகிறது, மற்றவனுக்குத் தோல்வி.

யோஷிகாவாவின் நாவலிலும் இதே கோயிலில் ஒரு முதியவர் முசாஷியைப் பார்த்து, உன்னிடம் பலம் மிதமிஞ்சி இருக்கிறது, அதைக் குறைத்துக்கொள் என்கிறார். பலத்தைக் கூட்டிக்கொள்ள வந்தவனுக்கு அது புரியவே இல்லை.

மூன்றாம் பாடம்: ‘அது வெறும் வார்த்தை’

ஜப்பானிய மொழியில் ‘தென்கா முசோ’ என்று ஒரு சொற்றொடர் உண்டு. வானத்துக்குக் கீழே நிகரற்றவன் என்று அர்த்தம். முசாஷியைத் துரத்திக்கொண்டே இருப்பது இந்தச் சொல்தான்.

அந்தப் பட்டத்துக்குத் தகுதியானவர் என்று ஊர் சொல்லும் யாக்யூ செகிஷுசாய் என்ற முதியவரைத் தேடிப் போகிறான். அவர் மலைக்கோட்டைக்குள் நோயில் படுத்திருக்கிறார். அவருடைய சீடர்களோடு மோதிக் களைத்து, ஒருவழியாக அவர் படுக்கை வரை போய்விடுகிறான். எதிரில் கிடப்பவர் எலும்பும் தோலுமான கிழவர். ஒரே வெட்டில் கதை முடிந்துவிடும். ஆனால் முசாஷியால் வெட்ட முடியவில்லை.

‘தென்கா முசோ’ என்றால் என்ன என்று அவரிடமே கேட்கிறான். வாழ்நாளெல்லாம் அதைத் துரத்தியவர் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்: அது வெறும் வார்த்தை. கெட்டியாகப் பிடிக்கப் பிடிக்க நழுவும். உற்றுப் பார்க்கப் பார்க்க மறையும்.

வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்று நம்ம ஊரில் சொல்வார்கள். செகிஷுசாய் சொல்வது அதற்கும் ஒரு படி மேல். ‘வல்லவன்’ என்ற அந்த இடமே காலியானது. அங்கே போய் உட்கார நாற்காலி கிடையாது என்கிறார் அவர்.

எழுபது பேரை வென்ற பிறகு

பாடம் கேட்டவுடனே மனிதன் மாறிவிடுவதில்லை. முசாஷியும் மாறவில்லை. கியோட்டோவின் புகழ்பெற்ற யோஷியோகா வாள்பள்ளியின் தலைவர் செய்ஜூரோவைக் கொல்கிறான். பழிவாங்க வரும் தம்பி டென்ஷிசிரோவையும் கொல்கிறான். கடைசியில் அந்தப் பள்ளியின் எழுபது பேர் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். தனியாகப் போகிறான்.

வழக்கமான சண்டைக் கதையில் இதுதான் உச்சம். ஒருவன், எதிரில் எழுபது பேர், கடைசியில் நிற்பவன் ஒருவன். விசில் பறக்க வேண்டிய இடம். இனோவேயும் அந்தச் சண்டையைப் பிரமாதமாகத்தான் வரைந்திருக்கிறார். ஆனால் சண்டை நீள நீள, ரசிக்க முடியாமல் போகிறது. விழுபவர்களுக்கு முகம் இருக்கிறது, தோழர்கள் இருக்கிறார்கள், பயம் இருக்கிறது. முசாஷி ஜெயிக்கிறான். கூடவே ஒரு கால் பழுதாகிறது. இனி பழையபடி நடக்க முடியுமா என்பதே கேள்விக்குறி.

அதற்குப் பிறகு அவன் பெயர் நாடு முழுக்கப் பரவுகிறது. பெயரைக் கேட்டவர்கள் அவனை வெட்டிப் பெயர் வாங்கத் தேடி வருகிறார்கள். ஒருவரைக் கொன்றால், அதன் காரணமாகவே இன்னொருவர் வருவார். கதை இதைக் ‘கொலையின் சுழல்’ என்கிறது. புலிவால் பிடித்த கதைதான். பிடித்திருந்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து.

ஒரு கட்டத்தில் முசாஷி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுபது பேரைக் கொன்றதால் நான் பலசாலி ஆனேனா, அல்லது எழுபது பேர் செத்தார்கள் என்பது மட்டும்தான் நடந்ததா?

அரிசி தின்றவன், அரிசி விளைவித்தவன்

இதற்குப் பிறகு வருவது தொடரின் அபூர்வமான பகுதி. சுற்றித் திரியும் முசாஷி, தகப்பனை இழந்த இயோரி என்ற சிறுவனைச் சந்திக்கிறான். அங்கே நிலம் கட்டாந்தரை. எதுவும் விளையாது என்று எல்லோரும் கைவிட்ட மண். முசாஷி அங்கேயே தங்கி மண்ணைக் கொத்த ஆரம்பிக்கிறான்.

அவனுக்கு விவசாயம் தெரியாது. மண்ணை எதிரியாக நினைத்து வெட்டிப் பார்க்கிறான், தோற்றுப் போகிறான். பக்கத்துக் கிராமத்தில் ஷுசாகு என்ற முதிய விவசாயி இருக்கிறார். நீர் எங்கே போக விரும்புகிறது, மண் எதைக் கேட்கிறது என்பது அவருக்குத் தெரியும். வாளெடுத்தால் நாட்டையே நடுங்கவைப்பவன், அவரிடம் ஒன்றும் தெரியாத மாணவனாக நிற்கிறான். வெள்ளம் வருகிறது, வெட்டுக்கிளி வருகிறது, பஞ்சம் வருகிறது. கிராமத்தில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். வாளால் எதுவும் செய்ய முடியவில்லை.

இந்தப் பகுதியின் கனம் முழுதாகப் புரிய வேண்டும் என்றால் அன்றைய ஜப்பானின் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிரபுவின் செல்வாக்கையும் சாமுராயின் சம்பளத்தையும் அரிசியில்தான் அளந்தார்கள். அளவின் பெயர் ‘கோக்கு’. ஒரு கோக்கு ஏறத்தாழ 150 கிலோ அரிசி. ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அளவு. இத்தனை கோக்கு வருமானம் உள்ளவர் என்று சொன்னாலே அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்துவிடும்.

அந்த அரிசியை விளைவித்தவர்கள் யார்? 1588-ல் டொயொட்டோமி ஹிதேயோஷி விவசாயிகளிடமிருந்து வாள்களைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டார். அதன்பிறகு வாள் ஒரு சாதிக்கு, மண்வெட்டி இன்னொரு சாதிக்கு என்பதுபோல் கோடு இறுகியது. சாமுராயின் பலம் முழுக்க விவசாயியின் உழைப்பின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் சாமுராய்க்கு ஒரு நெல்மணியை விளைவிக்கத் தெரியாது.

பரம ரகசியத்தைத் தேடி அலைந்த வாள்வீரனை இனோவே அந்தக் கோட்டுக்கு மறுபக்கம் இறக்கி நிற்கவைக்கிறார். கடைசியில் கிராமத்து ஜனங்கள் பசியில் சாகும்போது முசாஷி தன் கௌரவத்தைத் தள்ளிவைத்துவிட்டு, தன்னைத் தேடிவரும் அதிகாரத்திடம் சோற்றுக்காகத் தலைகுனிகிறான். அறுபது சண்டையில் குனியாத தலை அது. தொடர் முழுவதிலும் அவன் மிகப் பலமானவனாகத் தெரியும் இடமும் அதுதான்.

மற்ற மங்காக்கள் என்ன சொல்கின்றன?

இது இனோவேயின் தனிப்பட்ட யோசனை மட்டுமல்ல. அவருக்கு முன்னும் பின்னும் வாளேந்திய மங்காக்கள் பல இதே கேள்வியைச் சுற்றி வந்திருக்கின்றன.

டொரொரோ (1967): மங்காவின் பிதாமகர் என்று போற்றப்படும் ஒசாமு டெசுகாவின் படைப்பு. அதிகாரத்துக்கு ஆசைப்பட்ட ஒரு தகப்பன், பிறக்கப்போகும் குழந்தையின் 48 உறுப்புகளை 48 அரக்கர்களுக்குத் தந்துவிடுகிறான். செயற்கைக் கைகளுக்குள் வாள்களை மறைத்துக்கொண்டு வளரும் ஹியக்கிமாரு, ஒவ்வொரு அரக்கனைக் கொல்லும்போதும் ஓர் உறுப்பைத் திரும்பப் பெறுகிறான். மற்ற கதைகளில் நாயகன் ஜெயித்தால் புதுச் சக்தி கிடைக்கும். இவனுக்குக் கிடைப்பது சாதாரண மனித உடம்பு. 2019-ல் வந்த அனிமே வடிவம் இதை இன்னும் கூர்மையாக்கியது. அதில் கேட்கும் திறன் திரும்பியதும் உலகின் இரைச்சல் தாங்க முடியாமல் அவன் தவித்துப்போகிறான். பலம் கூடும்போதெல்லாம் வலியும் கூடுகிறது.

லோன் உல்ஃப் அண்ட் கப் (1970-1976): கசுவோ கொய்கே எழுத, கோசெகி கோஜிமா வரைந்த 28 தொகுதிகள். ஷோகனின் மரணதண்டனை அதிகாரியாக இருந்த ஒகாமி இட்டோ சதியில் எல்லாவற்றையும் இழந்து, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கூலிக்குக் கொல்பவனாக அலைகிறான். கிளம்பும் முன் குழந்தையின் முன் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டிருந்தால் தாயிடம் அனுப்பியிருப்பான், அதாவது கொன்றிருப்பான். குழந்தை வாளைத் தொடுகிறது. தளராத மன உறுதிக்கு இவனைவிட உதாரணம் கிடையாது. அந்த உறுதி ஒரு குழந்தையின் பால்யத்தை விழுங்குகிறது என்பதையும் கதை மறைக்கவில்லை.

பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல் (1993-2012): ஹிரோகி சமுராவின் 30 தொகுதிகள். நாயகன் மஞ்சிக்குச் சாவே கிடையாது. வரம் போலத் தோன்றும், அவனுக்கோ அது தண்டனை. நூறு பேரைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரமாக ஆயிரம் தீயவர்களைக் கொன்றால்தான் அவனுக்கு விடுதலை. பெற்றோரைப் பறிகொடுத்த ரின் என்ற பெண் பழிவாங்க அவனைத் துணைக்கு அழைக்கிறாள். போகப் போக, யார் தீயவர் என்பதே அவளுக்குக் குழம்பிப்போகிறது.

ருரோனி கென்ஷின் (1994-1999): நோபுஹிரோ வாட்சுகியின் படைப்பு. கதை நடப்பது 1878-ல். சாமுராய்கள் பொது இடத்தில் வாள் அணிவதற்குத் தடை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புரட்சிக் காலத்தில் கொலைகாரனாக இருந்த கென்ஷின், இனி யாரையும் கொல்வதில்லை என்று சபதம் எடுத்து, கூர்முனை தன் பக்கம் திரும்பிய வாளோடு அலைகிறான். எதிரியை வெட்டப் போனால் அடி மட்டும்தான் விழும். அவன் குருவிடம் கடைசி வித்தையைக் கற்கும் கட்டத்தில் தெரியவருவது, அவனிடம் இல்லாத ஒன்று வாழ வேண்டும் என்ற உறுதி என்பது. செத்தாலும் பரவாயில்லை என்பவனைவிட, உயிரோடு திரும்ப வேண்டும் என்பவன் பலமானவன் என்கிறது கதை.

சாவைக் கொண்டாடியதுதானே சாமுராய் மரபு?

சாமுராய் என்றதும் நினைவுக்கு வருவது மரணத்துக்கு அஞ்சாத வீரன். அப்படியிருக்க, இந்த மங்காக்கள் ஏன் இப்படி எதிர்த்திசையில் போகின்றன?

வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். 1600-ல் செகிகஹாரா போர். 1603-ல் டொகுகாவா ஷோகன் ஆட்சி. 1615-ல் ஒசாகா கோட்டை வீழ்ச்சி. அதற்குப் பிறகு 1637-38 ஷிமபாரா கலகத்தைத் தவிர, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நாட்டில் பெரிய போர் இல்லை. போர் செய்வதற்கென்றே இருந்த ஒரு வர்க்கத்துக்குப் போர் இல்லாமல் போனது. பலர் அலுவலகக் கணக்கு எழுதும் அதிகாரிகள் ஆனார்கள். எஜமானை இழந்தவர்கள் ‘ரோனின்’களாக வேலை தேடி அலைந்தார்கள்.

சாமுராய் தத்துவம் என்று நாம் படிக்கும் நூல்கள் பலவும் இந்த அமைதிக் காலத்தில் எழுதப்பட்டவை. சாவே வீரனின் வழி என்று முழங்கும் ‘ஹககுரே’ நூலின் கருத்துகளைச் சொன்னவர் யமமோட்டோ சுனெட்டோமோ. 1659-ல் பிறந்த அவர் போர்க்களத்தையே பார்த்ததில்லை. அதற்கு மாறாக, யாக்யூ முனெனோரி 1632-ல் எழுதிய நூலில் ‘உயிர் கொடுக்கும் வாள்’ என்ற கருத்தைப் பேசுகிறார். வாள் பிடித்த கை எதற்காக என்ற விவாதம் அன்றைக்கே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு திருப்பம் வந்தது. யோஷிகாவாவின் நாவல் வந்துகொண்டிருந்த 1937-ல் ஜப்பான் சீனாவுடன் முழுப் போரில் இறங்கியது. சாமுராய் மரபும் ‘ஹககுரே’வும் அரசின் போர்ப் பிரசாரத்துக்குப் பயன்பட்டன. இளைஞர்கள் சாவதற்கு அனுப்பப்பட்டார்கள். 1945-ல் எல்லாம் சாம்பலாகி முடிந்தது.

போருக்குப் பிந்தைய மங்கா கலைஞர்கள் சாமுராயைத் தொடும்போது இந்தச் சாம்பலையும் சேர்த்தே தொடுகிறார்கள். டெசுகா தன் பதின்பருவத்தில் ஒசாகா நகரின் மீது குண்டு விழுவதை நேரில் பார்த்தவர். அதிகாரத்துக்காகப் பெற்ற பிள்ளையை அரக்கர்களுக்குத் தாரைவார்க்கும் தகப்பன் கதையை அவர் எழுதியதை இந்தப் பின்னணியில் வைத்தும் படிக்கலாம்.

வன்முறையை அழகாக்கவில்லையா?

நியாயமான கேள்வி. வன்முறை தவறு என்று சொல்லிக்கொண்டே அதைக் கண்ணைக் கவரும் விதத்தில் வரையும் முரண்பாடு இந்த மங்காக்கள் எல்லாவற்றிலும் உண்டு. நடுவில் பேனாவை வைத்துவிட்டு மைத்தூரிகைக்கு மாறிய இனோவேயின் கோடுகள் அவ்வளவு அழகு. வெட்டுப்பட்ட உடல்கூட ஓவியமாகிவிடுகிறது. ‘எழுபது பேர்’ பகுதியை வீரசாகசமாக மட்டும் படித்துவிட்டு மூடிவைப்பவர்களும் இருப்பார்கள்.

பெண் பாத்திரங்களிலும் குறை சொல்ல இடமிருக்கிறது. முசாஷியை நேசிக்கும் ஓட்சூ கதையின் பெரும்பகுதியில் அவனுக்காகக் காத்திருக்கிறாள், அல்லது அவன் பின்னால் அலைகிறாள். வளர்ச்சி என்பது பெரும்பாலும் ஆண்களுக்கு நடக்கும் விஷயமாகவே காட்டப்படுகிறது.

இருந்தாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமான சண்டைக் கதையில் தோற்றவன் காணாமல் போய்விடுவான். ‘வேகபாண்ட்’ கதையில் செத்தவர்கள் போகவே மாட்டார்கள். முசாஷி கொன்றவர்கள் அவன் நினைவில் வந்து பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், சுழலுக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

முடியாத கதை

‘வேகபாண்ட்’ 2015-ல் நின்றுவிட்டது. அதற்கு முன்பே 2010-ல் உடல்நிலை காரணமாக இனோவே நிறுத்தி, 2012-ல் மீண்டும் தொடங்கியிருந்தார். முசாஷியும் கோஜிரோவும் 1612-ல் ஒரு தீவில் மோதியதாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற சண்டைதான் நாவலின் முடிவு. மங்கா இன்னும் அந்தத் தீவுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆனால் முசாஷியின் கடைசி நாள்களை இனோவே வேறொரு விதத்தில் வரைந்துவிட்டார். 2008-ல் டோக்கியோவின் உவெனோ அரச அருங்காட்சியகத்தில் ‘கடைசி மங்கா கண்காட்சி’ என்ற பெயரில், சுவர் அளவு ஓவியங்களாக வயதான முசாஷியின் இறுதிக் காலத்தைக் காட்சிக்கு வைத்தார். பார்வையாளர்கள் பக்கங்களைப் புரட்டுவதற்குப் பதிலாக அறை அறையாக நடந்து அந்தக் கதையைப் படித்தார்கள். கண்காட்சி பிறகு குமாமோட்டோ, ஒசாகா, செண்டாய் நகரங்களுக்கும் போனது.

தீவுச் சண்டை எப்போது வரும் என்று ரசிகர்கள் இன்னமும் கேட்கிறார்கள். யார் ஜெயிப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. கஷ்டமான விஷயம் வேறு. பலசாலி என்ற பட்டம் வெறும் வார்த்தை என்று புரிந்துகொண்ட ஒருவன், சண்டையை ரசிக்க மட்டுமே தெரிந்த இன்னொருவனை ஏன் கொல்ல வேண்டும்? விவசாயப் பகுதியை வரைந்து முடித்த பிறகு அந்தச் சண்டையைப் பழையபடி வரைந்துவிட முடியாது. முசாஷி அவ்வளவு தூரம் நடந்துவிட்டான்.

நிஜ முசாஷியும் கடைசிக் காலத்தில் வாளோடு நின்றுவிடவில்லை. தூரிகை பிடித்து மை ஓவியங்கள் வரைந்தார். காய்ந்த ஒற்றைக் கிளையின் உச்சியில் ஒரு குருவி அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஓவியம் அவற்றில் புகழ்பெற்றது. நேராக மேலே போகும் அந்தக் கிளையை ஒரே வீச்சில் இழுத்த கை, அறுபது சண்டைகளில் வாள் வீசிய கை. கிளையின் நடுவே ஒரு சின்னப் புழு ஊர்ந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது.